மைமூனுக்கு மறுப்புச் சொல்ல ஆளில்லை

1

“சகாயம், இனிமே நீ வாசிச்சு அனுப்பாதடி. கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல. அனுப்பாத.”

ஸ்வீடன் நாட்டின் கோதன்பர்க் நகரில், வேலைக்குச் செல்லும் டிராம் வண்டியில் நின்றபடி இந்தக் குரல்பதிவைக் கேட்டேன். காலையாகியும் விடியாத மார்கழி அது. சுற்றிலும் கறுப்பு மேலங்கிகள். யாரும் யாரோடும் பேசாத பெட்டி. பதிவை மறுபடியும் போட்டுக் கேட்டேன். அதில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. வாதத்தை முடித்துவிட்டு ஒலிவாங்கியை விட்டு விலகுகிறவளின் குரல் அது. அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். அதை எதிர்த்துப் பேசித்தான் நான் பேச்சாளர் ஆனேன்.

புதுக்கோட்டைச் சீமையில் இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு எங்கள் இருவரையும் நினைவிருக்கலாம். ஆவூர்ச் சகாயராணி நான். கோட்டைப்பட்டினத்து மைமூன் அவள். பள்ளிப் பேச்சுப் போட்டியில் தொடங்கி, கல்லூரி விழா, கோயில் திருவிழா, தேர்ப்பவனிக்கு மறுநாள் மாதா கோயில் திடலில் நடக்கும் பட்டிமன்றம் வரை, எந்த மேடையில் அவள் ஓர் அணியில் அமர்ந்தாளோ அந்த மேடையில் நான் எதிரணியில் அமர்ந்தேன். அணியை நாங்கள் தேர்ந்துகொண்டதில்லை. அமைப்பாளர் தருவார். தந்த பக்கத்தைத் தன் பக்கமாக்கிக்கொள்வதுதான் எங்கள் பெருமை. பேருந்து நிலையத்தில் பிரியும்போது அவள் என் வாதத்தில் இருந்த ஓட்டையைச் சொல்வாள், நான் அவள் வாதத்தில் இருந்த ஓட்டையைச் சொல்வேன். எங்கள் நட்புக்கு வேறு சடங்கு இருந்ததில்லை.

மைமூனுக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. விழித்திரை நோய். முதலில் அந்தி வெளிச்சம் போயிற்று. பிறகு பக்கப் பார்வை. இப்போது குழாய்க்குள் பார்ப்பதுபோல நடுவில் ஒரு வட்டம், அதிலும் புகைமூட்டம். எழுத்து தெரிவதில்லை. பார்த்த மருத்துவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றே: நிறுத்த வழியில்லை.

இதை இரக்கம் வேண்டி எழுதவில்லை. இரக்கம் அவளுக்கு வேண்டிய அளவுக்கு மேலேயே கிடைக்கிறது. கிடைக்காதது வேறொன்று.

2

புதிதாகப் படிக்காத பேச்சாளர் பழைய பேச்சையே பேசுவார். பழைய பேச்சை ஊர் இருமுறை பொறுக்கும், மூன்றாம் முறை கலைந்து தேநீர் குடிக்கப் போகும். எழுத்து மங்கிய பிறகு மைமூன், படித்து வைத்திருந்ததைக் கொண்டே மேடைகளை ஓட்டினாள். மெல்ல மெல்ல அணியில் இடம் கிடைப்பது நின்றது. அழைப்பு மட்டும் நிற்கவில்லை. அதன் பெயர் மாறியது. ‘தன்னம்பிக்கைச் சிறப்புரை’ என்று அழைப்பிதழில் போட்டார்கள்.

“நீங்க வாதமெல்லாம் பண்ண வேணாம் தங்கச்சி. சும்மா வந்து மைக் முன்னாடி நின்னாலே போதும், சனம் அழுதுரும்” என்றாராம் ஒரு விழாக் குழுத் தலைவர்.

இதை என்னிடம் சொன்னபோது மைமூன் சிரித்தாள். “நான் நின்னாலே அழுவாங்களாம்டி. இத்தன வருசமா தொண்டை கிழியப் பேசுனது வெட்டி வேல.”

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். இரண்டு அணிகளில் ஏதேனும் ஒன்றில் மறுபடியும் ஒரு நாற்காலி. அதற்கு அவள் படித்தாக வேண்டும். புதியதை, பல திசையிலிருந்தும், தனக்கு ஒவ்வாததையும் சேர்த்துப் படித்தாக வேண்டும். யார் படித்துக் காட்டுவது? வீட்டில் அண்ணன் மனைவி இருக்கிறார். மைமூன் அவரை மச்சி என்பாள். நல்ல மனுஷி. அடுப்பு வேலை ஓய்ந்தபின் கைக்குக் கிடைத்த இஸ்லாமிய மார்க்க மாத இதழையும் மருத்துவக் குறிப்பையும் வாசித்துக் காட்டுவார். அடுத்த தெருக் கல்லூரி மாணவி ஒருத்தி வந்தால் செய்தித்தாள் தலைப்புகளையும் தேர்வு வினாவிடைகளையும் வாசிப்பாள். ஒரு பேச்சாளரின் உலகம், அடுத்தவர் கைக்கு எட்டிய தாளின் அளவுக்குச் சுருங்கிப் போயிற்று.

3

கடல் தாண்டி வந்தவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் நானும் முதலில் செய்தேன். இணைப்புகளை அனுப்பினேன். தமிழில் விலையின்றிப் படிக்க இணையத்தில் எவ்வளவோ இருக்கிறது. அரிய நூல்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்த காப்பகங்கள் உண்டு. எழுத்தாளர்கள் தாமே உவந்தளித்த மின்னூல்கள் உண்டு. தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, ஏற்றி வைத்த தொகுப்புகள் உண்டு. ஒரு மாலைப் பொழுதில் ஓர் அலமாரி அளவுக்கு அனுப்பிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மறுநாள் மைமூன் அழைத்தாள். “என்னத்தடி அனுப்பிருக்க? தொறந்தா போனு ஊமையாயிருது.”

“சத்தத்தக் கூட்டி வச்சியா?”

“நீ வேற. ‘பக்கம் ஒன்று, படம்’ங்குது. ‘பக்கம் ரெண்டு, படம்’ங்குது. கடைசி வரைக்கும் படம். என்ன, கல்யாண ஆல்பமா அனுப்பிருக்க?”

அப்போதுதான் விளங்கிற்று. இன்றைய கைபேசிகள் எல்லாவற்றிலும் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் வசதி உள்ளேயே இருக்கிறது. அமைப்புகளில் போய்த் தமிழ்க் குரலைத் தேர்ந்தால் போதும். எழுத்தை அது படிக்கும். எழுத்தைப் படமெடுத்து வைத்திருந்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. நாம் ‘மின்னூல்’ என்று பெருமையோடு பகிர்பவற்றில் பெரும்பகுதி நூலின் புகைப்படமே. கண்டறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. பக்கத்தைத் திறந்து ஒரு சொல்லின்மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். அந்தச் சொல் மட்டும் நிறம் மாறினால் அது எழுத்து. பக்கம் அசையாமல் கிடந்தால், மைமூனைப் போன்றவர்களுக்கு அது வெற்றுத் தாள். உங்கள் ஊர் வாசகர் குழுவில் அடுத்த கோப்பைப் பகிருமுன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஒரு நொடி ஆகும்.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலிகளும் உண்டு. தெளிவான அச்சென்றால் நன்றாகவே செய்கின்றன. ஆனால் மைமூன் சோதித்துப் பார்த்தது ஒரு பழைய வார இதழை. இடப்பக்கப் பத்தியில் தொடர்கதை, வலப்பக்கப் பத்தியில் சமையல் குறிப்பு. செயலிக்குப் பத்தி தெரியாது. குறுக்கே வாசித்துக்கொண்டு போயிற்று.

“கேளுடி. ‘அவன் அவள் அருகே வந்து, கடுகு வெடித்ததும், நடுங்கும் கையைப் பற்றி, நறுக்கிய வெங்காயத்தைப் போட்டு, என்னை மன்னிப்பாயா என்று, பொன்னிறமாக வதக்கினான்.’ மச்சி அடுப்படியில இருந்து ஓடியாந்து கேக்குறாங்க, இது என்ன கொழம்புன்னு!”

இருவரும் மூச்சு முட்டச் சிரித்தோம். சிரிப்பு ஓய்ந்தபின் அவள் கேட்டாள்: “அவ மன்னிச்சாளா இல்லையான்னு தெரியலயேடி.”

அந்த இதழை நான் தேடினேன். அடுத்த வாரத்துப் பகுதி எங்கும் கிடைக்கவில்லை.

4

இணைப்பு உதவாவிட்டால் என்ன, குரல் இருக்கிறதே என்று எண்ணினேன். எதிரொலி வராமல் இருக்க, மேலங்கிகள் தொங்கும் அலமாரிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, ஞாயிறுதோறும் நூல்களை வாசித்துப் பதிந்து அனுப்பினேன். பெண்ணுரிமைக் கட்டுரைகள், சமூக வரலாறு, சிறை சென்றோர் நினைவுகள். ஒரு பேச்சாளருக்கு எவை வேண்டுமோ அவை.

மைமூன் கேட்டுக்கொண்டாள். கேட்டபின் குறையும் சொன்னாள். “ஒவ்வொரு பாரா முடிவுலயும் கைதட்டுக்கு நிறுத்துற. இங்கிட்டு யாருடி தட்டுவா? வாப்பா கடையில ஐஸ் ஒடைக்கிற சத்தந்தான் கேக்குது.” அவள் தந்தை படகுகளுக்குப் பனிக்கட்டி விற்பவர்.

அவள் துப்பறியும் கதை கேட்டாள். ஒன்றைத் தேடி வாசித்து அனுப்பினேன். “கொலகாரன் கத்திய எடுக்குறான், நீ குடியரசு தினத்துக்குக் கொடி ஏத்துற மாதிரி வாசிக்கிற. செத்தவன் எந்திரிச்சு சல்யூட் வச்சிருப்பான்” என்றாள்.

ஆப்பிரிக்க நாவலின் மொழிபெயர்ப்புக் கேட்டாள். ஈழத்துப் பெண்கள் எழுதியது கேட்டாள். கடல்மீன் சமையல் கேட்டாள். ஒருநாள், கடவுள் இல்லை என்று வாதிடும் நூல் ஒன்று கேட்டாள்.

“அத நான் வாசிக்கணுமா?” என்றேன்.

“ஏன், ஒங்க மாதா கோவிச்சுக்குவாங்களா? எங்க வீட்டுல அத நான் யாருகிட்டடி கேக்குறது? மச்சி வாசிப்பாங்களா? எதிர்க்கட்சி என்ன சொல்லுதுன்னு தெரியாமயே நான் ஈமானோட இருக்கணுமா?”

வாசித்து அனுப்பினேன். நன்றாகவே வாசித்தேன் என்றுதான் இன்றும் சொல்வேன்.

5

ஸ்வீடனில், அச்செழுத்தைப் படிக்க இயலாதவர் எவரும் நூலகத்தில் பதிந்துகொண்டால் ஒலிநூல் பெறலாம். ஆசிரியரின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சட்டம் அப்படி. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டமும், பார்வையற்றோர்க்காக நூலை வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள இடம் தருகிறது. சட்டம் உண்டு. அதைச் செய்து தரும் ஆளும் அறையும் நம் ஊரில் எங்கே என்று தேடினால் தெரியும்.

இதையெல்லாம் கேள்விப்பட்டு என் பகுதி நூலகத்துக்குப் போனேன். முகப்பில் நரைத்த தலையுடன் ஓர் அம்மையார். இந்த மொழியில் மரியாதைப் பன்மை வழக்கில் இல்லை. அவரை ‘நீ’ என்றே அழைக்க வேண்டும். மூன்றாம் குளிர்காலம் ஆகியும் என் நாக்கு அதற்குப் பழகவில்லை.

“என் தோழிக்கு ஒலிநூல் வேண்டும். அவள் இந்தியாவில் இருக்கிறாள்” என்றேன்.

“அவளுடைய எண்?” என்றார். இந்நாட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அது இல்லாதவருக்கு மருத்துவரும் இல்லை, வங்கியும் இல்லை, புத்தகமும் இல்லை. எண் இல்லை என்றேன். “அப்படியானால் கணினியில் அவள் இல்லை” என்றார்.

மேடைப் பயிற்சி விடுமா? அங்கேயே நின்று ஒரு முறையீடு நிகழ்த்தினேன். பாதியில் ஒரு சொல் பிசகி, ‘அவள் பார்வையை இழந்தாள்’ என்பதற்குப் பதிலாக ‘பார்வையை எங்கோ வைத்துவிட்டு மறந்துவிட்டாள்’ என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. சரியான சொல்லை மெல்லச் சொல்லிக்கொடுத்துவிட்டு, “எண் இருந்தாலும் பயனில்லை. தமிழில் ஒலிநூல் எங்களிடம் ஒன்றும் இல்லை” என்றார். பன்மொழி அலமாரியில் ஒரு வரிசைத் தமிழ் நூல் இருப்பதைக் காட்டினார். ஈழத்திலிருந்து வந்த பெண்ணொருத்தியின் நாவல் அங்கே கிடைத்தது. அதைத்தான் மைமூனுக்கு வாசித்து அனுப்பினேன்.

இங்கே தமிழ்ச் சங்கத்தில் வார இறுதியில் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருகிறேன். தமிழ் எழுத்து அவர்களுக்குத் தெரியாது. உரையை இந்நாட்டு எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஒப்பிக்கிறார்கள். ஆண்டு விழாவில் ஒரு சிறுமி ‘அவையோருக்கு வணக்கம்’ என்று தொடங்கியதுமே அரங்கம் அதிரக் கைதட்டியது. அவள் அடுத்து என்ன சொன்னாள் என்பது யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. முயற்சிக்காகத் தட்டும் கை, பேச்சைக் கேட்பதில்லை. அதை அன்று ஓர் எரிச்சலாக மட்டுமே உணர்ந்தேன்.

6

அந்த மார்கழிக் குரல்பதிவுக்கு வருகிறேன். மதிய உணவு இடைவேளையில் மைமூனை அழைத்தேன்.

“ஏன்டி அனுப்பக் கூடாது? வாசிப்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் வாசிக்கிற.”

“பெறகு?”

“நீ வாசிச்சா நீயும் கூடவே இருக்க புள்ள. கெட்ட வார்த்த வந்தா நீ தயங்குறது கேக்குது. ஒனக்குப் புடிக்காத எடம் வந்தா ஓட்டமா ஓடுற. மச்சி வாசிச்சா மச்சி இருக்காங்க. அந்தக் காலேசுப் புள்ள வாசிச்சா அது இருக்கு. கண்ணு போனதுல இருந்து நான் தனியா ஒரு புத்தகம் படிக்கலடி. ஒண்ணுகூடப் படிக்கல.”

அவளே தொடர்ந்தாள். “இப்ப மிசினு வாசிக்குது. அதுக்கு மூஞ்சி கெடையாது. இரு, கேளு.”

கைபேசியை எதனருகிலோ பிடித்தாள். தகரத்தில் மழை பெய்வதுபோல ஓர் இரைச்சல். ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

“என்னடி இது?”

“புத்தகந்தான். வேகத்தக் கூட்டிக் கூட்டிப் பழகிட்டேன். எனக்கு விளங்குது. காதுல மாட்டிக்கிட்டா, கூப்புட்டது கேக்கலன்னு ஏச்சு விழும். இப்படிச் சத்தமா நடுவீட்டுல வச்சா ஒருத்தருக்கும் ஒண்ணும் விளங்காது. மச்சி சொல்லுறாங்க, வண்டு இரையுற மாதிரி இருக்காம். நேத்து முச்சூடும் அவுங்க பக்கத்துல உக்காந்து கீரை ஆஞ்சாங்க. நான் என்ன படிச்சேன்னு அவுங்களுக்குத் தெரியாது.”

“மிசினு ழகரத்தக் கொல்லும். நிறுத்துற எடம் தெரியாது. எழுதுனவங்க மூச்சு அதுல எங்கடி இருக்கு?”

“தப்புத் தப்பாத்தான் வாசிக்குது. ஆனா நான் எங்க அழுதேன்னு அதுக்குத் தெரியாதுல்ல.”

மனிதக் குரலுக்கு இயந்திரக் குரல் ஈடாகாது என்பதே இன்றும் என் கட்சி. எந்த மேடையிலும் அதை நிறுவுவேன். ஆனால் மைமூன் என்னிடம் குரல் கேட்கவில்லை. சாத்திக்கொள்ள ஒரு கதவு கேட்டாள். அன்றோடு அலமாரிக்குள் வாசிப்பதை நிறுத்தினேன். எழுத்து வடிவில் இருக்கும் தொகுப்புகள் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடி, ஒவ்வொரு கோப்பிலும் விரல் வைத்துச் சோதித்து, நூலை அனுப்பாமல் அந்தத் தொகுப்புகளின் வாசலை மட்டும் அனுப்பினேன். உள்ளே போய் அவள் எதை எடுத்தாள் என்று கேட்கவில்லை.

7

தை மாதக் கடைசியில் அறந்தாங்கி வாசகர் வட்டம் ஒன்று தன் ஆண்டு விழாவில் பட்டிமன்றம் வைத்தது. வாசகரை வளர்ப்பதில் விஞ்சி நிற்பது ஊர் நூலகமா, இணைய நூலகமா? அமைப்பாளர் மைமூனை அழைத்தார். அணியில் நாற்காலி. எவ்வளவு நாளைக்குப் பிறகு!

“ஒங்களுக்கு இணையம்தான் பொருத்தம். கண்ணு தெரியாதவங்களுக்கு அதுதானே வரப்பிரசாதம்?” என்றாராம் அவர்.

“எனக்கு ஊர் நூலகம் குடுங்க.”

“அது எப்படிம்மா? நீங்க நூலகத்துல போய்...”

“பொருத்தமானதுல யாரும் பேசலாம் சார். பொருந்தாததுல பேசுறதுதான் பேச்சு.”

கொடுத்தார். இரண்டு வாரம் அவள் என்னோடு பேசவே இல்லை. வண்டு இரைந்துகொண்டே இருக்கிறது என்று மச்சி மட்டும் சொன்னார்.

விழா நாளில், அங்கே அந்தி சாயும் நேரத்தில், அவள் அண்ணன் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருக்க, கோதன்பர்க்கில் என் சாப்பாட்டு மேசையில் இருந்து பார்த்தேன். மைமூன் எழுந்தாள். ஒலிவாங்கியை ஒரு முறை விரலால் தொட்டு இடம் பார்த்துக்கொண்டாள். அவ்வளவுதான். அரங்கம் கைதட்டியது. அவள் இன்னும் வாய் திறக்கவில்லை.

“நடுவர் அவர்களே! இணையத்தில் தேடியது கிடைக்கும். நூலக அலமாரியிலோ, தேடியதன் பக்கத்தில் தேடாதது நிற்கும். ஒரு வாசகரை வளர்ப்பது...”

கைதட்டல். ‘தேடாத நூல்’ என்ற முடிவு அதற்குள் மூழ்கிப் போயிற்று. காத்திருந்தாள். மறுபடி தொடங்கினாள். இணையத்தில் ஒரு நூல் ஊமையாய்க் கிடந்தால் எவரிடம் முறையிடுவது, ஊர் நூலகத்தில் ஒரு நாற்காலி இருக்கிறது, அதில் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் இருக்கிறார் என்றாள். நுட்பமான வாதம். முன்வரிசையில் ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நாற்காலியைப் பற்றிய வாதத்தில் அழுவதற்கு என்ன இருக்கிறது?

மூன்றாவதாக அவள் சொன்னதை நான் இதுவரை எங்கும் கேட்டதில்லை. “ஒரு நூலில் படித்தேன். ஓர் உப்பளக் குடியிருப்பில் தொழிலாளர்கள் தமக்கென ஒரு நூலகம் வைத்தார்கள். அங்கே எல்லா நூலுக்கும் ஒரே பழுப்புத் தாளில் மேலுறை. ஒரு பெண் கையில் கொண்டுபோவது என்ன நூல் என்று தெருவுக்குத் தெரியாது, கணவனுக்குத் தெரியாது, கங்காணிக்கும் தெரியாது. எடுத்துக் கொடுத்தவர் ஒருவருக்குத் தெரியும். அவர் சொல்லமாட்டார். இணையம் எனக்கு ஆயிரம் நூல் தருகிறது. நான் எதைத் திறந்தேன், எந்தப் பக்கத்தில் நின்றேன் என்பதையும் அது குறித்துக்கொள்கிறது. வாசகரின் அந்தரங்கத்தைக் காக்காத ஒன்று, வாசகரை வளர்க்குமா?”

கைதட்டல் ஓயவில்லை. மைமூன் கையை உயர்த்தினாள். “கைதட்டாதீர்கள். என் வாதத்தில் குறை இருந்தால் எதிரணியினர் குறுக்கிட்டுக் கேளுங்கள்.”

அதற்கும் தட்டினார்கள். சிலர் எழுந்து நின்று தட்டினார்கள்.

அடுத்துப் பேச வந்த எதிரணித் தலைவரை எனக்குத் தெரியும். எதிராளியின் ஒரு சொல்லையும் சும்மா விடாதவர். நான் அவரிடம் கிழிபட்டிருக்கிறேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “சகோதரி மைமூனுக்கு மறுப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் வந்து பேசியதே வெற்றி” என்றார். பிறகு அவள் அணியைச் சேர்ந்த மற்ற இருவரையும் வரிக்கு வரி உரித்தெடுத்தார். மைமூன் தலையை அவர் குரல் வந்த பக்கம் திருப்பி, தன் பெயர் வருமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசிவரை வரவில்லை.

நடுவர் தீர்ப்புச் சொன்னார். “ஊர் நூலகமும் இணைய நூலகமும் வாசகனுக்கு இரண்டு கண்கள்...” என்று தொடங்கிவிட்டு, மேடையில் யார் இருக்கிறார் என்பது உறைக்க, இருமினார். பிறகு அவசரமாக ஒரு சால்வையை வாங்கி அவள் தோளில் போர்த்தினார். அவளுக்கு மட்டும்.

8

மறுநாள் காலை அவள் அழைத்தாள். “பாத்தியா?”

“பாத்தேன். நல்லாப் பேசுன.”

“அத ஊரே சொல்லிருச்சு. ஓட்டை எங்கடி?”

நான் தயாராக இருந்தேன். “பக்கத்துல நிக்கிற புத்தகம்னு சொன்னியே, அத வாங்கி வச்சது யாரு? வாங்காத புத்தகம் எப்படிப் பக்கத்துல நிக்கும்? ஊர் அலமாரியில ஒருத்தர் ருசிதான் நிக்கும். இணையத்துல அந்தக் காவல் இல்ல.”

“ம். அடுத்தது.”

“நாற்காலியில பதில் சொல்ல ஆளு இருக்காருன்ன. அந்த நாற்காலி வரைக்கும் ஒருத்தர் போய்ச் சேரணுமே. இப்ப ஒன்னையே எடுத்துக்க...” அங்கே நின்றுவிட்டேன். வேறு எதையோ சொல்லித் தாண்டப் பார்த்தேன்.

“என்ன முழுங்குன?”

“ஒண்ணுமில்ல.”

“நீயும் மனசு வரலன்னு சொல்லப் போறியா சகாயம்?”

அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. சொன்னேன். “நீ தனியா நூலகத்துக்குப் போய் எத்தன காலமாச்சு? கையப் புடிச்சுக் கூட்டிப் போக ஆளு வேணும்னா, ஒன் அந்தரங்கம் வாசப்படியிலயே போச்சு. ஒன் ரெண்டாவது வாதத்த ஒன் மூணாவது வாதமே அடிக்குது.”

அவள் பின்னால் ஐஸ் உடைபடும் ஓசை கேட்டது.

“இது வாதம்” என்றாள். “இத நேத்து அந்த ஆளு சொல்லிருக்கணும். சொல்லிருந்தா என்கிட்ட பதிலு இருந்துச்சுடி. யோசிச்சு வச்சிருந்தேன்.” மூக்கை உறிஞ்சினாள். “சரி, மூணாவது?”

மூன்றாவதில் எனக்குக் கை ஓடவில்லை. அந்த உப்பளக் கதை எந்தச் சூழலில் வருகிறது, மேலுறை யாருடைய யோசனை, நூலகம் பிறகு என்னவாயிற்று என்பதெல்லாம் தெரியாமல் அதை எப்படி உடைப்பது? “அது எந்தப் புத்தகம்டி?” என்றேன்.

“சொல்ல மாட்டேன்.”

“ஏய்!”

“நானா எடுத்தேன், நானாப் படிச்சேன். வேணும்னா தேடிப் படிச்சிட்டு வந்து மறுப்புச் சொல்லு. ஒனக்குத்தான் ரெண்டு கண்ணு இருக்குல்ல.”

பட்டிமன்றக் காணொளியைப் பார்த்துவிட்டு அவளுக்குப் புதிய அழைப்பு ஒன்று வந்திருக்கிறது. ஏதோ ஒரு பள்ளியின் தன்னம்பிக்கை விழா. தலைப்பு என்ன என்று கேட்டிருக்கிறாள். “தலைப்பெல்லாம் எதுக்கும்மா, நீங்க வந்தாப் போதும்” என்றார்களாம். அணியில் பேச வேறு எவரும் அழைக்கவில்லை. அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.

வேலை முடிந்து வந்ததும் நான் அந்த உப்பளத்தைத் தேடுகிறேன். தொகுப்பு தொகுப்பாக, தலைப்புத் தலைப்பாகத் திறக்கிறேன். தேடாத நூல்கள் பலவற்றைப் படித்துவிட்டேன். அது கிடைக்கவில்லை. கிடைத்த அன்று அந்த மூன்றாம் வாதத்தை ஈவிரக்கமின்றி உடைப்பேன். அவளுக்காக அதைச் செய்ய இப்போதைக்கு வேறு ஆளில்லை.